எம்பதி என்றால் பாடறிதல்

2004 டிசம்பர் 26க்குப் பிறகு திருகோணமலையில் பல புதுச்சொற்கள் புழக்கத்துக்கு வந்தன. சுனாமி என்ற சொல்லையே எங்களில் முக்கால்வாசிப் பேர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம். அப்புறம் முகாம்களும் பயிற்சிப் பட்டறைகளும் வந்தன. உளவளத்துணை, உளசமூகப் பணி என்ற சொற்களோடு எம்பதி (empathy) என்ற ஆங்கிலச் சொல்லும் வந்து சேர்ந்தது. ஒரு பட்டறையில் நானும் இருந்தேன். ‘எம்பதி – ஒத்துணர்வு’ என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

அதே கிழமை சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் என் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். வீட்டையும் தன் தங்கையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு இருந்தார். வெளியூரிலிருந்து வந்த ஓர் இளைஞர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்கட வேதனை எனக்கு நல்லா விளங்குது அம்மா” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பெரியம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, “உங்களுக்கு எப்பிடித் தம்பி விளங்கும்?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு ஒத்துணர்வு என்ற சொல் எனக்குச் சரியாகவே படவில்லை. ஒத்து உணர்வதென்றால் அவருக்குள் இருப்பது அப்படியே எனக்குள்ளும் இருக்கவேண்டும். அன்று காலை நான் கடலிலிருந்து தள்ளி, கன்னியா பக்கத்தில் இருந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட என்மேல் படவில்லை. நான் எதை ஒத்து உணர்வது?

சரி, சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் எம்பதி பழைய சொல் அல்ல. 1909இல் எட்வர்ட் டிட்செனர் என்ற உளவியலாளர் ஒரு ஜெர்மன் சொல்லுக்கு ஈடாக இதை உருவாக்கினார். ஐன்ஃபூலுங் என்ற அந்த ஜெர்மன் சொல்லுக்கு ‘உள்ளே புகுந்து உணர்தல்’ என்று பொருள். 1873இல் ராபர்ட் விஷர் என்ற ஜெர்மன் தத்துவவாதி அதைக் கலையைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தினார். ஒரு தூணையோ சிற்பத்தையோ பார்க்கும்போது நம் உணர்வு அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வதைத்தான் அப்படிச் சொன்னார். பிறகு தியோடர் லிப்ஸ் என்ற இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி அதை மனிதர்களுக்கும் விரித்தார். கம்பியில் நடப்பவனைப் பார்க்கிறவன் தானும் கம்பிமேல் நிற்பதுபோல் உணர்கிறான் என்பது அவர் காட்டிய உதாரணம். நமக்குக் கம்பிக்கூத்து தேவையில்லை. கோணேசர் கோயில் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் பக்கம் யாராவது விளிம்பில் எட்டிப் பார்த்தால், பத்தடி தள்ளி நிற்கிற நம் உள்ளங்கால் கூசும். அந்தக் கூச்சம்தான் அது.

இப்போது கிரேக்க வேருக்கு வருகிறேன். டிட்செனர் எடுத்த கிரேக்கச் சொல் எம்பாதெய்யா. எம் என்றால் ‘உள்’. பாதோஸ் என்றால் ஒருவருக்கு நேர்ந்தது, அவர் அனுபவித்தது, பெரும்பாலும் துன்பம். (இன்றைய கிரேக்கத்தில் எம்பாதெய்யாவுக்குப் பகைமை என்று பொருள் ஆகிவிட்டது. சொற்கள் அப்படித்தான் நடக்கும்.) பாதோஸின் அடியில் இருக்கும் வினைக்குத் தமிழில் ஒரு சொல் கேட்டால் நான் யோசிக்காமல் ‘படு’ என்பேன். துன்பப்படு, வெட்கப்படு, அடிபடு என்று நமக்கு நேர்வதையெல்லாம் அந்த ஒரு வினையால்தான் சொல்கிறோம். பட்டு அறிந்தால் பட்டறிவு. பட்டது பாடு. “அவள் பட்ட பாடு” என்று சொல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. பாதோஸுக்கு நேரான தமிழ் இந்தப் பாடுதான்.

வழங்கும் மற்றச் சொற்களையும் பார்த்துவிடலாம். பச்சாதாபம் என்று சிலர் எழுதுகிறார்கள். சமஸ்கிருதத்தில் அது பின்னால் எரிதல், அதாவது செய்த தவறுக்கு வருந்துதல். தமிழில் அது இரக்கமாக மாறி வழங்கினாலும் எம்பதிக்குப் பொருந்தாது. அனுதாபம் சாவீட்டுச் சொல்லாக, பதாகையில் அச்சாகும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. பரிவு எனக்கு மிகவும் பிடித்த சொல். பரிந்து பேசுதல், பரிந்துரை எல்லாம் அதன் பிள்ளைகள். ஆனால் பரிவில் அன்பு முந்திக்கொண்டு வருகிறது. ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாமலே அவர்மேல் பரிவு கொள்ளலாம். எம்பதியில் அறிதல் இருக்கவேண்டும்.

அதனால் நான் தேர்வது பாடறிதல். புதிதாகக் கட்டிய சொல்லும் அல்ல. கலித்தொகையின் 133ஆம் பாட்டு, கடற்கரையின் நெய்தற்பாட்டு, “பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்” என்கிறது. அங்கே பாடு என்பதற்கு உலக ஒழுக்கம் என்று உரை கொள்வதுண்டு. அதை மறுக்க எனக்குப் புலமை போதாது. ஆனால் அதே பாட்டில் “ஆற்றுதல் என்பது ஒன்று அலந்தவர்க்கு உதவுதல்” என்று வருகிறது. துன்பத்தில் அலைந்தவரை முன்னால் வைத்துப் பேசுகிற பாட்டில், பாடறிதல் என்பதற்கு எங்கள் வீட்டில் வழங்கும் ‘பட்ட பாடு’ என்ற பொருளையும் கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

‘பட்டவனுக்குத்தான் தெரியும்’ என்பார்கள். பட்டறிவைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் தமிழில் அறிவுக்குக் கேள்வி என்று இன்னொரு வாசலும் இருக்கிறது. குறளில் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே உண்டு. கேட்டல் என்ற ஒரே வினை வினவுவதற்கும் செவிகொடுப்பதற்கும் பொதுவாக நிற்கிறது. இலங்கையில் நாங்கள் ‘புரியுது’ என்று சொல்வது குறைவு, ‘விளங்குது’ என்போம். விளங்குதல் என்றால் ஒளிர்தல். இருட்டில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்கு வருவது. சல்லிக்கு வந்த அந்தத் தம்பி கேட்காமலே விளங்கிவிட்டது என்றார். நானோ அதைவிட மோசம். இருபது வருடமாகப் பெரியம்மாவிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டால் நோகும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

கேட்டது அவருடைய பேத்தி. பதின்மூன்று வயது. போன மார்கழியில் நினைவுநாள் விளக்கு ஏற்றிய பிறகு, “அம்மம்மா, தண்ணி வரேக்க என்ன சத்தம் கேட்டது?” என்றாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. பெரியம்மா கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்:

“கெலி வருதெண்டுதான் முதல்ல நினைச்சம். எல்லாரும் மேலதான் பாத்தம். கடலைப் பாக்கேல்ல.”

“கெலி எண்டா என்ன அம்மம்மா?”

போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளை. பெரியம்மா விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அவளைப் பக்கத்தில் இருத்தி, ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கிய காலத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.