டிராமெடிக்கு 'நகைச்சுவை நாடகம்' பொருந்துமா?

ஓடிடி செயலியில் மலையாளப் படம் தேடினால் 'நகைச்சுவை நாடகம்' என்று ஒரு வகை வந்து நிற்கிறது. சிரிப்பும் கனமான கதையும் கலந்த டிராமெடியைத்தான் இப்படித் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் பாதி வீடுகளில் ஓடுவது மலையாளப் படம்தான், அதனால் இந்தச் சொல் தினமும் கண்ணில் குத்துகிறது.

டிராமாவையும் காமெடியையும் வெட்டி ஒட்டிய ஆங்கிலச் சொல் அது. வேர் இரண்டும் கிரேக்கம். சரி, அது போகட்டும்.

பொருள்தான் முக்கியம். 1989இல் வந்த 'வரவேல்பு' படத்தில் வளைகுடாவில் உழைத்த காசைப் போட்டு மோகன்லால் பஸ் வாங்குவார். அதை ஓட்ட அவர் படுகிற பாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, கரைவது ஒருத்தனுடைய சேமிப்பு என்று உறைக்கும். நம் பழைய படங்களின் காமெடி டிராக்கைக் கத்தரித்து எடுத்தாலும் கதை நிற்கும். இதில் அப்படி எதையும் பிரிக்க முடியாது.

இதைப் போய் நகைச்சுவை நாடகம் என்றால்? முதலில், தமிழில் நாடகம் என்றால் மேடை, இல்லாவிட்டால் டிவி சீரியல், அதுவும் இல்லாவிட்டால் ஒருத்தர் போடுகிற வேஷம். ஆங்கில டிராமாவுக்கு உள்ள கனமான கதை என்ற பொருள் அதற்கு எந்த ஊரிலும் கிடையாது. அடுத்தது இலக்கணம்: இந்தத் தொடரில் நகைச்சுவை வெறும் அடைமொழி, ஆகவே படிப்பவருக்குக் கிடைப்பது சபா மேடைச் சிரிப்பு நாடகம்தான். 'நகைநாடகம்' என்று சுருக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. கேட்டால் நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது. 'அவலநகை' பரவாயில்லை, ஆனால் அது துன்பியல் பக்கம் ரொம்பச் சாய்கிறது.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, அடுக்கும்போது எடுத்த எடுப்பில் 'நகையே அழுகை' என்றுதான் தொடங்குகிறார். நகையழுகை என்று சொன்னால் என்ன? உம்மைத்தொகை, இரண்டுக்கும் சம இடம். நகையழுகைப் படம், நகையழுகைத் தொடர் என்று நீட்டவும் செய்யலாம். அழுகை கொஞ்சம் அதிகம் என்பீர்கள். எள்ளல், பேதைமை என்று நகைக்கும், இழவு, வறுமை என்று அழுகைக்கும் அவர் சொல்கிற காரணங்களைப் பாருங்கள், இந்தப் படங்களின் கதைச்சுருக்கம் போலவே இருக்கும்.

அமெரிக்காவில் டிவி தொடர்களுக்கான எம்மி விருதுக்காரர்களே 2015இல் அரை மணி நேரத்துக்குள் முடிந்தால் காமெடி, தாண்டினால் டிராமா என்று கடிகாரத்தை வைத்துப் பிரித்தார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் கடிகாரத்தைக்கூடப் பார்ப்பதில்லை, அகராதியில் முதலில் கிடைப்பதை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்கு டிராமெடி என்றே விட்டிருந்தாலும் குடி முழுகியிருக்காது.