கொழும்பில் 60,000 சம்பளம்: கையில் நிற்பது எவ்வளவு?

மட்டக்களப்பில் கணக்காளராகத் தொழில் செய்கிறேன். கொழும்பில் வேலை கிடைத்த பிள்ளைகள் நியமனக் கடிதத்துடன், பெரும்பாலும் தாயையோ தகப்பனையோ கூட்டிக்கொண்டு, ஆலோசனை கேட்டு வருகிறார்கள். களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். கேள்வி ஒன்றுதான்: "இங்கே 35,000 கிடைக்கிறது, அங்கே 60,000 தருகிறார்கள். போகலாம்தானே?"

அந்த இரண்டு தொகைகளையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. நம்முடைய பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். கடன்பட்டாவது மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பார்கள். ஆகவே வாடகை என்ற செலவையே காணாமல் வளர்ந்த பிள்ளைகள் இங்கே ஏராளம். கிணற்றில் தண்ணீர், வளவில் தென்னையும் முருங்கையும், படுவான்கரை வயலிலிருந்து வரும் நெல் மூடை, வாவி மீன் மலிந்த நாளில் இரண்டு வேளைக்குக் கறி. இவை எந்தச் சம்பளச் சீட்டிலும் இல்லை. ஆனாலும் இவை வருமானம்தான். கொழும்பில் ஒவ்வொன்றுக்கும் காசு கொடுக்க வேண்டும். அதனால் என்னிடம் வருபவர்களிடம் முதலில் வீட்டில் விலை கொடுக்காமல் கிடைப்பவற்றை எழுதச் சொல்கிறேன். எழுதத் தொடங்கியதும் தாய்மார்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

அடுத்தது நியமனக் கடிதம். 60,000 என்று எழுதியிருந்தால் அது எப்படிச் சேர்ந்த தொகை என்று பாருங்கள். 45,000 சம்பளம், 15,000 மேலதிக நேரக் கொடுப்பனவு என்று பிரிந்திருந்தால், அந்த 15,000 வேலை இருக்கும் மாதத்தில் மட்டும் வரும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள். மேலதிக நேரக் கொடுப்பனவை அதற்குக் கணக்கில் எடுப்பதில்லை. எனவே 45,000இல் 3,600 கழிந்து, மேலதிக நேர வேலை இல்லாத மாதத்தில் கையில் வருவது 41,400. முதலாளி தன் பங்காக 12 வீதத்தையும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதத்தையும் செலுத்த வேண்டும். அது உங்கள் உரிமை. ஆனால் இந்த மாத வாடகைக்கு உதவாது. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபா வரையான சம்பளத்துக்கு வருமான வரிக் கழிவு இல்லை, ஆகவே அந்தப் பயம் வேண்டாம்.

இனி சாப்பாடு. இதைத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பேசுவேன். காலைக்கு 200, மதியத்துக்கும் இரவுக்கும் 400 ரூபாப் பார்சல் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு 1,000, மாதத்துக்கு 30,000. கையில் வந்த 41,400இல் மிஞ்சுவது 11,400. இன்னும் அறை வாடகை கொடுக்கவில்லை, பஸ் ஏறவில்லை, தொலைபேசிக்குக் காசு போடவில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை பார்க்கும்போது எல்லோரும் வாடகையைத்தான் கேட்கிறார்கள். சமைக்க விடுவார்களா என்பதை முதலில் கேளுங்கள். வாடகை 5,000 குறைவு, ஆனால் அடுப்பு மூட்டக் கூடாது என்றால், அது விலை கூடிய அறை. சமைக்கக்கூடிய இடத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இருந்தால் சாப்பாட்டுச் செலவு பாதிக்குப் பாதி குறையும். ஊரிலிருந்து அரிசியும் கருவாடும் மிளகாய்த்தூளும் கொண்டுபோவதற்கு வெட்கப்பட எதுவுமில்லை.

காசு முட்டும்போது பிள்ளைகள் முதலில் குறைப்பது வயிற்றைத்தான். வாடகையைக் குறைக்க முடியாது, வீட்டுக்கு அனுப்பும் காசைக் குறைக்க மனம் வராது. காலையில் தேநீரும் பணிசும், இரவில் ஒன்றுமில்லை. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு இங்கே மாமாங்கக் கோயிலுக்கு வரும் பிள்ளையைப் பார்த்து "மெலிந்து போனாய்" என்று சொல்கிறோம். எதனால் மெலிந்தது என்று கேட்பதில்லை. தயவுசெய்து கேளுங்கள்.

மின்கட்டணத்தையும் கவனிக்க வேண்டும். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் கணக்கிடப்படுகிறது: 60 அலகுக்குள் பாவிப்பவருக்கு ஒரு விலை, 180 அலகைத் தாண்டினால் வேறு விலை. ஒரே மானியில் ஐந்தாறு அறைகள் ஓடினால் மொத்த அலகு மேல்படிக்குப் போய்விடும். குறைவாகப் பாவிப்பவரும் அந்த விலையைச் சுமக்க நேரும். தனி மானியா, பொது மானியா, எப்படிப் பங்கிடுவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

"பணவீக்கம் குறைந்துவிட்டதே, ஏன் ஒன்றும் மலியவில்லை?" என்றும் கேட்கிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவில் 94.9 வீதம். 100 ரூபாவாக இருந்த செலவு ஒரே ஆண்டில் 170 ரூபா அளவுக்குப் போனது. அதன்பின் பணவீக்கம் 2 வீதம் என்றால், 170 என்பது 173 ஆகிறது என்று பொருள். 100க்குத் திரும்புவதில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 வீதமானதும் இதற்கு மேல்தான். அண்ணனோ மாமாவோ 2019இல் கொழும்பில் என்ன செலவழித்தார் என்ற கணக்கை வைத்து இன்று தீர்மானிக்காதீர்கள்.

குடும்பங்களை உண்மையில் நெருக்குவது தொடக்கச் செலவு. சில மாத வாடகை முற்பணம், தரகர் கூலி, மெத்தை, அடுப்பு, வேலைக்கு ஏற்ற உடுப்பு, முதல் சம்பளம் வரும் வரைக்கும் சாப்பாடு. இதற்குத் தாயின் காப்போ சங்கிலியோ அடகுக்குப் போகிறது. தங்கத்தின் விலை ஏறியிருப்பதால் முன்பைவிடக் கூடுதலான தொகை கிடைக்கிறது, வட்டியும் அதற்கேற்பக் கூடுகிறது. தேவையான அளவுக்கு மட்டும் எடுங்கள்; கிடைக்கிறது என்பதற்காக முழுத்தொகையையும் எடுக்காதீர்கள். முற்பணம் கொடுக்கும்போது எழுத்தில் உடன்படிக்கை வேண்டும்: எவ்வளவு கொடுத்தது, எப்போது திரும்பும், அறையை விட எத்தனை நாள் முன்னறிவித்தல் தேவை. தெரிந்தவரின் வீடு என்று பற்றுச்சீட்டில்லாமல் கொடுத்துவிட்டுக் கண்ணீரோடு வந்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். முதல் மூன்று மாதங்களுக்கு பிள்ளையிடம் காசு எதிர்பார்க்காதீர்கள். தங்கையின் வீட்டு வேலை மூன்று மாதம் பிந்தட்டும். அந்தக் காலத்தில் பிள்ளை ஒரு மாதச் செலவைக் கையில் ஒதுக்கி வைத்துவிட்டால், பிறகு மாதக் கடைசியில் வட்டிக்கு வாங்கும் பழக்கம் வராது.

போகக் கூடாது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. கணக்கியல், மென்பொருள், தாதியர் போன்ற துறைகளில் கொழும்பில் கிடைக்கும் அனுபவம் இங்கே கிடைப்பது கடினம். சம்பளம் பேசும்போது, தங்குமிடமோ மதிய உணவோ தருவார்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். 5,000 கூடுதல் சம்பளத்தைவிட ஒரு வேளைச் சாப்பாடு பெறுமதியானது. பெண்பிள்ளைகளுக்கு மத நிறுவனங்கள் நடத்தும் விடுதிகள் கொழும்பில் உள்ளன, சில இடங்களில் சாப்பாடும் சேர்த்தே தருகிறார்கள். அங்கே இடம் விரைவில் நிரம்பிவிடும். நேர்முகத் தேர்வு முடிந்த கையோடு விடுதிக்கு விண்ணப்பியுங்கள். வேலையில் சேரும் திகதியை இடம் உறுதியான பிறகு சொல்லலாம்.