மூளை, நரம்பு மருந்துகளை ஏன் திடீரென நிறுத்தக் கூடாது? ஏற்பிகள் சொல்லும் காரணம்

தூக்கம், பதற்றம், மனச்சோர்வு, நடுக்கம், தசை இறுக்கம் ஆகியவற்றுக்காகச் சாப்பிடும் மாத்திரைகள் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் நின்றுபோகின்றன. ஒன்று, உடம்பு தேறிவிட்டது என்ற நம்பிக்கை. மற்றொன்று, கையிருப்பு தீர்ந்துபோவது. இரண்டிலும் மருந்து ஒரே நாளில் நிற்கிறது. அடுத்த சில நாட்களில் தலைசுற்றல், நடுக்கம், தூக்கமின்மை, சில மருந்துகளில் வலிப்பு கூட வரலாம். வீட்டார் "நோய் திரும்பிவிட்டது" என்று பயப்படுகிறார்கள். சாப்பிட்டவரோ "நான் மருந்துக்கு அடிமையாகிவிட்டேன்" என்று நொந்துகொள்கிறார். பல நேரங்களில் இரண்டுமே சரியல்ல. மருந்து வேலை செய்த இடமான ஏற்பிகள் அந்த மருந்துக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொண்டிருந்தன. மருந்து போன வேகத்தில் அவற்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஏற்பி, அதாவது ரிசப்டர், பெரும்பாலும் செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் புரதம். நிகோட்டினையும் குராரே என்ற நஞ்சையும் தசையில் சோதித்த ஆங்கில உடலியல் அறிஞர் லாங்லி, மருந்தை ஏற்றுக்கொள்ளும் ஏதோவொரு பொருள் செல்லில் இருந்தாக வேண்டும் என்று 1905-ல் எழுதினார். 1973-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், கதிரியக்கம் ஏற்றிய நலாக்சோன் என்ற மருந்தைக் கொண்டு, மூளைத் திசுவில் ஓபியாய்டு (மார்பின் போன்ற மருந்து) ஒட்டும் ஏற்பி இருப்பதைக் காட்டினார்கள். பாடப்புத்தகங்கள் இதைப் பூட்டும் சாவியும் என்று விளக்கும். அந்த உவமை பாதி தூரம்தான் வரும். பூட்டு, சாவியைப் பார்த்துத் தன் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளாது. ஏற்பி அதைத்தான் செய்கிறது.

ஒரு ஏற்பியைத் தொடர்ந்து தூண்டினால், செல்லுக்குள் இருக்கும் நொதிகள் அதன் உள்பக்கத்தில் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. அரெஸ்டின் என்ற புரதம் அங்கே வந்து உட்கார்ந்து சமிக்ஞையைத் துண்டிக்கிறது. பிறகு ஏற்பியே சவ்விலிருந்து உள்ளே இழுக்கப்படுகிறது. இது நிமிடங்களில் தொடங்கும். வாரக்கணக்கில் தூண்டல் நீடித்தால் ஏற்பிகளின் எண்ணிக்கையே குறையும். தூண்டாமல் அடைத்து வைத்தால் நேர்மாறு: செல் கூடுதல் ஏற்பிகளை வெளியே அனுப்பும், இருப்பவையும் கூர்மையாகும். இந்த வகை ஏற்பிகள் எப்படி இயங்குகின்றன என்பதைத் தெளிவாக்கியதற்காகத்தான் லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் 2012-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் தரப்படும் ப்ரொப்ரனலாலை எடுத்துக்கொள்வோம். அது பீட்டா ஏற்பிகளை அடைத்து வைக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டவர் ஒரே நாளில் விட்டால், பெருகியிருக்கும் ஏற்பிகள்மீது அட்ரினலின் தடையின்றிப் பாய்கிறது. படபடப்பும் ரத்த அழுத்த உயர்வும் வரும். இதயத் தமனி நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியோ மாரடைப்போ வரலாம். அதனால் குறைந்தது 1 முதல் 2 வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கூடவே ரத்த அழுத்த மருந்தான குளோனிடினும் சாப்பிடுபவராக இருந்தால் வரிசை முக்கியம்: முதலில் பீட்டா மருந்தைக் குறைத்து நிறுத்தி, சில நாட்கள் கழித்த பிறகே குளோனிடினில் கை வைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும்.

அதிகக் கவலை தருபவை அல்பிரசோலம், லோரசெபாம், குளோனசெபாம், டயசெபாம் போன்ற பென்சோடயசெபைன்கள். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள் ஒட்டும் முக்கியமான தடுப்பு ஏற்பி காபா-ஏ. ஐந்து துண்டுகள் சேர்ந்து நடுவில் குளோரைடு அயனி போகும் வழியை அமைக்கின்றன. காபா வந்து ஒட்டும்போது அந்த வழி திறந்து நரம்பணு அமைதியாகிறது. பென்சோடயசெபைன் காபா ஒட்டும் இடத்தில் ஒட்டுவதில்லை. பக்கத்தில், ஆல்ஃபா துண்டும் காமா துண்டும் சந்திக்கும் இடுக்கில் ஒட்டி, வழி அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. சில வாரங்கள் தொடர்ந்தால் இந்தக் கூடுதல் அமைதிக்கு ஈடாக மூளை தன் தடுப்பைத் தளர்த்தி, குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் தரும் தூண்டலை ஏற்றிக்கொள்கிறது. மருந்து சட்டென்று போனால் மிஞ்சுவது தளர்ந்த தடுப்பும் ஏறிய தூண்டலும்தான். வலிப்பு வருவது இதனால்தான், உயிரும் போகலாம்.

நான்கு வாரங்களுக்கு மேல் தினமும் சாப்பிட்டவர் தானாக நிறுத்தவே கூடாது. 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பது பாதுகாப்பான வேகம்; 2 வாரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தச் சதவீதத்தை ஆரம்ப டோஸிலிருந்து கணக்கிடக் கூடாது, அன்றைக்குச் சாப்பிடும் டோஸிலிருந்து கணக்கிட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். 2 மில்லிகிராமில் 10 சதவீதம் 0.2. அதே 0.2-ஐ டோஸ் 0.4-க்கு வந்த பிறகும் குறைத்தால், ஒரே அடியில் பாதி போய்விடுகிறது. மதுவும் இதே ஏற்பியைத் தொடுவதால், தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து. வலிப்பு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரலாம். 2 முதல் 4 நாட்களில் புத்தி குழம்பி, உடல் நடுங்கும் சன்னி நிலை தோன்றலாம்.

மனச்சோர்வு மருந்துகளில் கணக்கு வேறு மாதிரி. சிடலோபிராம் போன்றவை ஏற்பியை நேரடியாகத் தொடுவதில்லை. செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளைத் திரும்ப உள்ளே இழுக்கும் கடத்திப் புரதத்தை அடைக்கின்றன. மூளையை பெட் ஸ்கேன் செய்து பார்த்தால், 20 மில்லிகிராம் சிடலோபிராம் அந்தக் கடத்திகளில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்திருக்கிறது. 10-க்கு இறங்கினால் ஏறக்குறைய 70. 5-க்கு இறங்கினால் 60. டோஸில் முக்கால்வாசி போய்விட்டது, பிடிமானமோ 20 புள்ளிதான் இறங்கியிருக்கிறது. மீதமுள்ள 5 மில்லிகிராமை நிறுத்தும்போது 60-லிருந்து நேரே பூஜ்யத்துக்கு விழுகிறது. "பாதியாக்கினேன், ஒன்றும் ஆகவில்லை, கால் மாத்திரையை விட்டதும்தான் தலைக்குள் ஷாக் அடிப்பது போல இருக்கிறது" என்று நோயாளி சொல்வது கற்பனையல்ல, இந்த வளைகோட்டில் அது அப்படியே தெரிகிறது. ஆகவே கடைசிப் படிகள்தான் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். மாத்திரையை அவ்வளவு நுணுக்கமாக உடைக்க முடியாதபோது, அந்த மருந்தின் திரவ வடிவத்தை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டுக் குறைப்பது பரவலான பழக்கம். பெரும்பாலான மருந்துகளுக்கு இது மோசமான வழி. மனச்சோர்வு மருந்தான பராக்செடினின் அரை ஆயுள் (உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) ஏறக்குறைய ஒரு நாள், வென்லாஃபாக்சினுக்கு 5 மணி நேரம்தான்; ஒருநாள் விடுபட்டால் பிடிமானம் விழுந்து மறுநாள் எழும். தினமும் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவதே சரி. ஃப்ளுவாக்செடின் மட்டும் விதிவிலக்கு: அதிலிருந்து உடலில் உருவாகும் பொருளின் அரை ஆயுள் 4 முதல் 16 நாள், அதனால் அது தானாகவே மெல்ல இறங்கும்.

நோய் திரும்புவதையும், மருந்து குறைவதாலோ நிற்பதாலோ வரும் விடுபடல் அறிகுறியையும் எப்படிப் பிரித்தறிவது? டோஸ் குறைந்து சில நாட்களுக்குள் தொடங்கி, தலைசுற்றல், குமட்டல், ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, விசித்திரமான கனவு என்று நோயின்போது இல்லாத தொந்தரவுகள் வந்து, பழைய டோஸைத் தொடங்கியதும் 1 முதல் 3 நாட்களில் அடங்கினால் அது பெரும்பாலும் விடுபடல். நோய் பொதுவாக வாரங்கள், மாதங்கள் கழித்து மெதுவாக, பழைய முகத்தோடு வரும். எந்த டோஸ், எந்தத் தேதியில் குறைந்தது, எப்போது என்ன தோன்றியது என்ற குறிப்பு இருந்தால் மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும்.

நிறுத்துவதைப் போலவே மறுபடி தொடங்குவதிலும் ஆபத்து உண்டு, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மனச்சிதைவுக்குத் தரப்படும் க்ளோசபினை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டவர் பழைய 300 மில்லிகிராமுக்கு நேரே திரும்பக் கூடாது, 12.5-லிருந்து தொடங்க வேண்டும். ரத்த அழுத்தம் சரிவதைத் தாங்க உடல் பழகியிருந்தது அதற்குள் கழன்றுவிடுகிறது. ஓபியாய்டு வலி மருந்தை விட்டு இடைவெளிக்குப் பின் பழைய அளவையே எடுப்பவருக்கு மூச்சு நின்றுபோகலாம். நலாக்சோன் அந்த ஏற்பியிலிருந்து ஓபியாய்டை விலக்கிக் காப்பாற்றும். ஆனால் அது வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம்தான். கண் விழித்துவிட்டார் என்று அவரைத் தனியே விட்டுவிடக் கூடாது, மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

மெதுவாகக் கரையும் மாத்திரைகளை உடைக்காதீர்கள்; உடைத்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். குறைந்தது ஒரு வார மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் சாப்பிடுபவருக்கு இது இன்னும் முக்கியம்: அது திடீரென நின்றால் மாயக் காட்சிகள், கடும் காய்ச்சல், தசை விறைப்பு, வலிப்பு வரலாம்.

வேறொரு நோய்க்காக மருத்துவமனையில் சேரும்போதும் சங்கிலி அறுந்துபோகிறது, குறிப்பாக பார்க்கின்சன் நோயாளிகளுக்கு. அவர்கள் சாப்பிடும், மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா சட்டென்று நின்றால் உடல் மரக்கட்டையாக விறைத்து, காய்ச்சலேறி, நினைவு தவறும் நிலை வரலாம். அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிறு என்றாலும், லெவோடோபாவை எப்போது எப்படித் தருவது என்று மயக்க மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்திக்கு மெட்டோக்ளோப்ரமைடும், குழப்பத்துக்கு ஹாலோபெரிடாலும் அவருக்குத் தரக் கூடாது. இரண்டுமே ஏற்கெனவே டோபமின் குறைந்த மூளையில், டோபமின் ஒட்டும் டி2 ஏற்பியையும் அடைத்துவிடும். இதைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.