பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்ட சாட்பாட்

"அசைன்மென்ட் எத்தனை பக்கம் இருக்கணும் சார்?" ஆன்லைனில் பாடம் நடத்தும் யாரைக் கேட்டாலும், இந்தக் கேள்விக்கு எத்தனை தடவை பதில் போட்டோம் என்று கணக்கு சொல்ல முடியாது. அறிவிப்பில் எழுதியிருக்கும், முதல் வாரமே சொல்லியிருப்பார்கள், ஆனாலும் வரும். மாணவர்கள் மேல் தப்பில்லை. வகுப்பறையில் உட்கார்ந்திருந்தால் பக்கத்துப் பெஞ்சில் கேட்டுக்கொள்ளலாம். ஆன்லைன் வகுப்பில் பக்கத்துப் பெஞ்சே கிடையாது.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் இருக்கும் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம், 2014இல் கணினி அறிவியல் முதுகலைப் படிப்பை முழுக்க ஆன்லைனில் தொடங்கியது. அதில் செயற்கை நுண்ணறிவு பற்றிய ஒரு பாடத்தை நடத்தியவர் பேராசிரியர் அசோக் கோயல். சுமார் 300 மாணவர்கள். ஒரு பருவத்தில் வகுப்பின் விவாதப் பக்கத்தில் விழுந்த பதிவுகள் ஏறக்குறைய 10,000. அத்தனைக்கும் அவரும் உதவி ஆசிரியர்களும் பதில் சொல்லி மாளாது. அந்தக் குவியலில் கோயல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மாணவர்கள் கூடக் கூடக் கேள்விகள் கூடுகின்றன. ஆனால் புதுப்புது கேள்விகள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. திரும்பத் திரும்ப வருவதை ஒரு கணினி நிரலிடம் விட்டால் என்ன?

அப்படிப் பிறந்ததுதான் ஜில் வாட்சன். கேள்விக்குப் பதில் சொல்லும் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் தொழில்நுட்பத்தின் மேல் கட்டி, முந்தைய பருவங்களின் சுமார் 40,000 பதிவுகளைக் கொடுத்துப் பழக்கி, 2016 ஜனவரியில் உதவி ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்த்தார்கள். தொடக்கம் மோசம். வீடியோ பாடங்களைச் சேர்ந்து பேச ஒரு சந்திப்பு வைக்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டால், வீடியோ பாடங்களுக்குத் துணையாகப் படிக்க வேண்டிய பாடநூலைச் சொன்னது ஜில். 'வீடியோ பாடம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது, கேட்பவர் என்ன கேட்கிறார் என்பதை விட்டுவிட்டது. நல்லவேளை, அந்தப் பதில்கள் மாணவர்களுக்குப் போகவில்லை. ஜில்லைத் தனியாக ஒரு பக்கத்தில் பேசவிட்டு, உதவி ஆசிரியர்கள் திருத்திக்கொண்டே வந்தார்கள்.

அப்புறம் ஒரு விதி வைத்தார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் 'இது சரியாக இருக்கும்' என்பதற்கு நிரல் தானே ஒரு மதிப்பு போடும். 97 சதவீதத்துக்குக் குறைந்தால் வாய் திறக்கக் கூடாது. மார்ச் கடைசியில் அந்த விதியோடு ஜில் நேரடியாகப் பதில் போட ஆரம்பித்தது. அது மனிதர் இல்லை என்று ஏப்ரல் 26 அன்று அறிவித்தபோதுதான் பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரிந்தது.

அந்த நிகழ்வு பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இந்த ஆள்மாறாட்டத்தைத்தான் பேசினார்கள். எனக்கோ அந்த 97தான் பெரிதாகத் தெரிகிறது. வரம்பை உயர்த்தினால் ஜில் பதில் சொல்லும் கேள்விகள் குறையும், தப்பும் குறையும். தாழ்த்தினால் இரண்டும் கூடும். எங்கே நிறுத்துவது? வகுப்பில் தவறான கடைசித் தேதியைச் சொல்லிவிட்டால் ஒரு மாணவருக்கு மதிப்பெண்ணே போய்விடும். ஜில் பேசாமல் இருந்தால் ஒரு உதவி ஆசிரியர் வந்து பார்க்கும்வரை சில மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். பின்னால் மனிதர்கள் இருந்ததால்தான் அவ்வளவு உயரத்தில் வரம்பை வைக்க முடிந்தது.

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததும் சிக்கலே வேறு திசைக்குத் திரும்பியது. அதற்குள் இருக்கும் 'பெரிய மொழி மாதிரி' (large language model) எதைக் கேட்டாலும் பேசும். அதன் அடிப்படை வேலை, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எது வரக்கூடும் என்று கணிப்பது. "இந்தத் தேர்வில் தப்பான பதிலுக்கு மார்க் கழிப்பார்களா?" என்று கேட்டால், உங்கள் வகுப்பின் விதி அதற்குத் தெரியாது. உலகத்தில் எழுதப்பட்ட எத்தனையோ தேர்வு விதிகளின் சாயல் தெரியும். அந்தச் சாயலில் ஒரு பதிலைத் தெளிவாக, மரியாதையாகச் சொல்லும். கேட்பவருக்குச் சந்தேகமே வராது.

அதனால் இப்போதைய வகுப்புச் சாட்பாட்கள் பலவற்றில் மொழி மாதிரியைத் தன் நினைவிலிருந்து பேசவிடுவதில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்துப் பேசவைக்கிறார்கள். பாடக்குறிப்பு, விதிகள், வீடியோக்களின் எழுத்து வடிவம் எல்லாவற்றையும் சில நூறு சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் சில நூறு அல்லது சில ஆயிரம் எண்கள் கொண்ட வரிசையாக மாற்றப்படுகிறது. பொருளில் நெருங்கியவை எண்களிலும் நெருங்கி நிற்கும்படி இந்த மாற்றம் பழக்கப்பட்டிருக்கிறது.

ஒரு உதாரணம். மாணவர் கேட்கிறார்: "லேட்டா சப்மிட் பண்ணா மார்க் குறையுமா?" விதிப் பக்கத்தில் இருப்பது: "காலக்கெடுவுக்குப் பின் வரும் ஒப்படைப்புகளுக்கு நாளொன்றுக்கு 10 சதவீத மதிப்பெண் கழிக்கப்படும்." இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. சொல்லைத் தேடும் பழைய முறை இங்கே வெறுங்கையோடு திரும்பும். எண் வரிசையிலோ 'லேட்' என்பதும் 'காலக்கெடுவுக்குப் பின்' என்பதும் அக்கம்பக்கத்தில் இருக்கும். கேள்விக்கு நெருக்கமான நாலைந்து துண்டுகளை எடுத்து, "இதில் இருப்பதை வைத்து மட்டும் சொல், இல்லையென்றால் இல்லை என்று சொல்" என்ற கட்டளையோடு மொழி மாதிரியிடம் கொடுக்கிறார்கள். ஜில் வாட்சனும் இப்போது இந்த வழிக்கு மாறிவிட்டது.

இதிலும் ஓட்டை உண்டு. "மருத்துவச் சான்று இருந்தால் இந்த விதி பொருந்தாது" என்ற வரி அடுத்த பத்தியில் இருக்கிறது என்று வையுங்கள். வெட்டும்போது அது வேறு துண்டில் விழுந்து, தேடலில் மேலே வராமல் போகலாம். அப்போது காய்ச்சலில் படுத்திருந்த மாணவருக்கு, கையில் இருக்கும் துண்டின்படி சரியான, ஆனால் அவருக்குப் பொருந்தாத பதில் போய்ச் சேரும். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி வெட்டுவது இதற்காகத்தான். ஆசிரியர் தேதியை மாற்றி அறிவித்துவிட்டுப் பழைய கோப்பை அழிக்க மறந்தால், அதற்கு எந்தக் கணிதமும் உதவாது.

இதுவரை பேசியது தகவல் கேள்விகள். பாடத்திலேயே உதவி கேட்கும்போது, சரியான பதிலே கெடுதலாக முடியலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் ஒரு சோதனை செய்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு, ஜிபிடி-4 என்ற மொழி மாதிரியில் ஓடும் சாதாரண சாட்பாட். பயிற்சிக் கணக்குகளில் அவர்களின் மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. அப்புறம் சாட்பாட்டை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். அதைத் தொடாதவர்களைவிட அவர்கள் 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். தாங்கள் குறைவாகக் கற்றதாக அவர்களுக்குத் தோன்றவும் இல்லை. இதைப் படித்ததும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

இன்னொரு பிரிவுக்கும் அதே ஜிபிடி-4தான். ஆனால் விடையைச் சொல்லாதே, குறிப்பு மட்டும் கொடு என்று கட்டளையிட்டு, எந்தக் கணக்கில் மாணவர்கள் எங்கே வழக்கமாகத் தடுமாறுவார்கள் என்று ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளையும் சேர்த்திருந்தார்கள். பயிற்சியில் 127 சதவீதம் ஏற்றம். தேர்விலோ அந்தச் சரிவு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. மாதிரியைப் புதிதாகப் பழக்கவில்லை. முன்னால் வைத்த கட்டளையும் ஆசிரியர்களின் அனுபவமும்தான் வித்தியாசம்.

ஹார்வர்டில் சிஎஸ்50 என்ற நிரலாக்கப் பாடம் இருக்கிறது, ஆன்லைனிலும் உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். நிரலில் பிழை வந்தால் மேசையில் இருக்கும் ரப்பர் வாத்திடம் அதை வரிவரியாக விளக்கிச் சொல்லுங்கள், பிழை தானாகக் கண்ணில் படும் என்பது நிரலாளர்களின் பழைய வழக்கம். அதையொட்டி அந்தப் பாடத்தின் மென்பொருளில் ஒரு வாத்து வைத்திருந்தார்கள். மாணவர் எதைத் தட்டினாலும் அது ஒன்று, இரண்டு அல்லது மூன்று முறை 'க்வாக்' என்று மட்டும் சொல்லும். கேள்வியைத் தட்டி முடிக்கும்போதே பலருக்கு வழி தெரிந்துவிடுமாம். 2023இல் அந்த வாத்துக்கு மொழி மாதிரியைப் பொருத்திப் பேசவைத்தார்கள். விடையைக் கொடுக்காமல் வழிகாட்டும்படி அமைத்தார்கள். கூடவே மாணவருக்குப் பத்து இதயங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று குறையும், தீர்ந்தால் அடுத்தது நிரம்ப மூன்று நிமிடம் ஆகும். அதுவரை தன் நிரலைத் தானே இன்னொரு தடவை மேலிருந்து கீழே படித்துப் பார்க்கலாம்.