டெண்டினைட்டிஸ்: தசைநாண் அழற்சியா, தசைநாண் நலிவா?

வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்காவின் மகனுக்கு 15 வயது. பாடசாலை அணியில் கூடைப்பந்தாட்டம் ஆடுகிறான். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கியவனை மறித்துக் கேட்டபோது, முழங்காற்சில்லின் கீழ் விளிம்பில் ஒரு விரலை அழுத்தி, "இந்த இடத்திலதான் மாமா நோகுது, டெண்டினைட்டிஸாம்" என்றான். வீட்டில் அதை நரம்புப் பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது நரம்பு அன்று. தொடைத்தசையின் இழுவிசையைச் சில்லு வழியாகக் கீழ்க்கால் எலும்புக்குக் கடத்தும் தசைநாண். கிரேக்கத்தில் 'தெனோன்' என வழங்கிய சொல், இழுத்து விறைத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையான 'தெந்தெரே'யின் சாயல் பட்டு 'டெண்டன்' ஆயிற்று. வில்லை வளைப்பதையும் உரோமர் அவ்வினையாலேயே குறித்தனர். தமிழும் வில்லின் நாணையே எடுத்துத் தசைநாண் என்றது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம். செய்தித்தாள்கள் எழுதும் 'தசைநார்' என்பது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் இணையத்தையும் ('லிகமெண்ட்') குறித்துவிடுவதால் தெளிவற்றது.

'ஐட்டிஸ்' என்னும் கிரேக்க விகுதி முதலில் 'உரிய' என்று மட்டுமே பொருள்பட்டது. பிற்கால மருத்துவமே அதை அழற்சிக்கு உரியதாக்கியது. அழற்சியின் வேர் அழல், அதாவது நெருப்பு.

சிக்கல் இங்கேதான். நாட்பட்ட நோவுள்ள தசைநாணை நுண்ணோக்கியில் பார்த்தால், அழற்சிக் கலங்களைவிடக் கொலாஜன் என்னும் புரத நார்களின் ஒழுங்கு குலைந்திருப்பதே மேலோங்கித் தெரிகிறது. ஆகவே மருத்துவர்கள் இன்று 'டெண்டினோபதி' என்கிறார்கள், அதைத் தசைநாண் நலிவு என்பேன். அழற்சி என்று கேட்ட பெற்றோர், அணைக்க வேண்டிய நெருப்பாக அதை எண்ணி, பனிக்கட்டியும் மாத்திரையும் இரண்டு வார ஓய்வும் கொடுத்துப் பிள்ளையை மீண்டும் சீமெந்துத் தரைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஓய்வு நோவைத் தணிக்குமே தவிர நாணை வலுப்படுத்தாது. பாய்ச்சல்களைக் குறைத்து, இயன்மருத்துவரின் கண்காணிப்பில் மெதுவாகக் குந்தி எழும் பயிற்சியால் சுமையைப் படிப்படியாக, பல மாதங்கள் எடுத்து, ஏற்ற வேண்டும்.

1973இல் மருத்துவர் பிளாசினாவும் அவருடன் ஆய்ந்தோரும் இந்நோவுக்கு இட்ட 'ஜம்பர்ஸ் நீ' என்னும் ஆங்கிலப் பெயரை, உயரம் பாய்தல், நீளம் பாய்தல் என்று சொல்லும் நாம் 'பாய்வோர் முழங்கால்' என்று அழைக்கலாம்.

வளரும் பிள்ளையின் விரல் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சில்லுக்குக் கீழே, கீழ்க்கால் எலும்பின் முன்புறம் புடைத்து நோகுமானால், அது பெரும்பாலும் 1903இல் ஒஸ்குட், ஷ்லாட்டர் என்னும் மருத்துவர் இருவரும் தனித்தனியே விவரித்த, நாண் பற்றியிருக்கும் எலும்பின் வளர்முனையில் வரும் கோளாறு. அதற்குத் தசைநாண் அழற்சி, தசைநாண் நலிவு என்னும் இரு பெயர்களும் பொருந்தா.