நூலின் தடிமனும் பையின் மதிப்பும்

வட்டமான மூடியைச் சுற்றி நூலைக் கட்டி, அதன் நீளத்தை விட்டத்தால் வகுத்தால் பை (π) என்ற எண், அதாவது ஏறக்குறைய 3.14 வரும் என்று வகுப்பில் சொல்கிறோம். செய்து பார்க்கும் பிள்ளைகளுக்கு 3.2, 3.3 என்று வருகிறது. 'கை தவறியிருக்கும்' என்று சொல்லி, கரும்பலகையில் 3.14 எழுதிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அந்தக் கூடுதலுக்குக் காரணம் உண்டு, அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க முடியும்.

நூலை எடுப்பதற்கு முன் கவராயத்தை எடுக்கலாம். ஒரு வட்டம் வரைந்து, கவராயத்தின் விரிவை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே அடியெடுத்து வைத்துக்கொண்டு போனால் சரியாக ஆறாவது அடியில் தொடங்கிய இடம் வந்துவிடும். புள்ளிகளைச் சேர்த்தால் ஆறு பக்க உருவம். ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆரம், ஆகவே அதன் சுற்றளவு மூன்று விட்டம். வட்டக்கோடு அந்தப் பக்கங்களுக்கு வெளியே வளைந்து போவதால் அதன் நீளம் மூன்று விட்டத்தைவிடக் கட்டாயம் அதிகம். வட்டத்தைத் தொட்டபடி வெளியே ஒரு சதுரம் வரைந்தால் அதன் சுற்றளவு நான்கு விட்டம். விடை 3-க்கும் 4-க்கும் நடுவில் என்பது அளவுகோல் இல்லாமலேயே தெரிந்துவிட்டது. பிறகு யாருக்காவது 2.9 வந்தால், அளந்ததில்தான் தவறு என்று அவர்களே சொல்வார்கள்.

இப்போது நூல். 2 மி.மீ. தடிமனுள்ள கயிற்றை வளைக்கும்போது வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது, நடுப்பகுதியின் நீளம் மட்டும் மாறுவதில்லை. நாம் பிரித்து அளப்பது அந்த நடுக்கோட்டின் நீளத்தை. அது மூடியின் விளிம்பிலிருந்து 1 மி.மீ. தள்ளி ஓடுகிறது. எனவே அளக்கப்படும் வட்டத்தின் விட்டம் 2 மி.மீ. கூடுதல், சுற்றளவு 6 மி.மீ.க்குச் சற்று மேல் கூடுதல். மூடி சிறியதோ பெரியதோ, இந்த 6 மி.மீ. மாறாது. 3 செ.மீ. விட்டமுள்ள மூடிக்குச் சுற்றளவு 10.1 செ.மீ. என்று வரும், வகுத்தால் ஏறக்குறைய 3.37. 10 செ.மீ. மூடிக்கு 3.20. 30 செ.மீ. தட்டுக்கு 3.16. பொருள் பெரிதாகப் பெரிதாக விடை இறங்குவதைப் பட்டியலில் பார்த்ததும், 'ஏன்?' என்ற கேள்வி தானாக எழும்.

இதற்கு அருமையான ஒரு வழி உண்டு. வகுப்பதற்குப் பதில் கழித்துப் பார்க்க வேண்டும். தட்டின் சுற்றளவு 94.9, சிறு மூடியின் சுற்றளவு 10.1, வித்தியாசம் 84.8. விட்டங்களின் வித்தியாசம் 27. வகுத்தால் 3.14! இரண்டிலும் ஒரே அளவில் ஏறியிருந்த கயிற்றுப் பிழை கழித்தலில் போய்விட்டது. வரைபடத்தாளில் விட்டத்தைக் கிடையாகவும் சுற்றளவைச் செங்குத்தாகவும் குறித்தாலும் இதுவே தெரியும்: புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழும், அதன் சாய்வு பை. கோடு மட்டும் ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல், செங்குத்து அச்சை 6 மி.மீ. அளவுக்கு மேலே வெட்டும். கயிற்றுக்குப் பதிலாக ஒரு விரல் அகலக் காகித நாடாவைச் சுற்றி, இரண்டு அடுக்கும் சேருமிடத்தில் ஊசியால் குத்தி, இரு துளைகளுக்கும் இடையே அளந்தால் பிழை 1 மி.மீ.க்குள் அடங்கும்.

வகுப்பு முழுவதன் சராசரியை எடுத்தால் பிழை சரியாகிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. கயிறு சாய்வாகச் சுற்றப்பட்டாலும் தொளதொளவென்று இருந்தாலும் சுற்றளவு கூடும். அளவுகோல் மையத்தைவிட்டு விலகினால் விட்டத்துக்குப் பதில் சற்றுக் குறுகிய நாண் கிடைக்கும், அப்போதும் விடை கூடும். பெரும்பாலான பிழைகள் ஒரே பக்கம் தள்ளுபவை. இழுபடும் நூல் மட்டும் எதிர்ப்பக்கம்: இழுத்துச் சுற்றிவிட்டுத் தளர்வாக வைத்து அளந்தால் விடை குறையும். விட்டத்துக்கு, மூடியை இரண்டு மூலைமட்டங்களுக்கு நடுவே நிறுத்தி இடைவெளியை அளப்பதே நல்லது. மூடி மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் இரண்டு அளவையும் ஒரே விளிம்பில் எடுக்க வேண்டும்.

பரப்பளவுக்கு 8 செ.மீ. ஆரமுள்ள காகித வட்டம் போதும். மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுத் துண்டுக்கான கோடுகள். நான்காவது மடிப்பையும் அப்படியே போட்டால் காகிதம் தடித்துக் கோடு விலகும். பிரித்துவிட்டு, அடுத்தடுத்த கோடுகளைச் சேர்த்து ஒவ்வொன்றாக மடிக்க வேண்டும். பாதி வட்டத்துக்கு வண்ணம் தீட்டி, 16 துண்டுகளாக வெட்டி, வண்ணத் துண்டுகள் மேல்நோக்கியும் மற்றவை கீழ்நோக்கியும் மாறி மாறி வருமாறு அடுக்கினால் ஓர் இணைகரம் போல அமையும். அதன் அடிப்பக்கம் முழுக்க ஒரே நிறம், அதாவது பாதிச் சுற்றளவு. உயரம் ஏறக்குறைய ஆரம். பாதிச் சுற்றளவு பை பெருக்கல் ஆரம் என்பதால், பரப்பளவு பை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம், சுமார் 201 ச.செ.மீ.

அந்த அடிப்பக்கத்தை அளவுகோல் வைத்து அளந்தால் 25.1 செ.மீ. வராது, 25-ஐ ஒட்டி நிற்கும். கூர்மையாக அளந்து 8-ஆல் வகுத்தால் 3.12. இதில் பிள்ளைகள் மேல் தவறில்லை. நேரான அளவுகோல் வளைந்த வில்லை விட்டுவிட்டு நாணை அளக்கிறது, ஆகவே கிடைத்தது வட்டத்துக்குள் அடங்கும் 16 பக்க உருவத்தின் பை. ஆறு பக்கத்தில் 3, பதினாறில் 3.12. பண்டைய கிரேக்கக் கணித மேதை ஆர்க்கிமிடீஸ் இதையே 96 பக்கம் வரை, வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கணக்கிட்டுப் போய், பை 223/71-க்கும் 22/7-க்கும் நடுவில் இருக்கிறது என்று காட்டினார். நாம் பள்ளியில் பயன்படுத்தும் 22/7 அவர் கண்ட மேல் எல்லை.