கறுத்திருந்தால் பழையது ஆகிவிடாது

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஸ்ரீரங்கப்பட்டணம் பதக்கம் என்று சொல்லி இந்த மாதம் மதிப்பீட்டுக்கு வந்த அத்தனையும் போலி. கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பிச் சேமிப்பிலிருந்து பணம் கட்டியிருக்கிறார். லென்ஸை எடுக்கும் முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் அவர், "எப்படிக் கறுத்திருக்கு பாருங்க சார், இருநூறு வருஷக் கறுப்பு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கறுப்பு எத்தனை பேரை ஏமாற்றுகிறது என்று பார்த்துப் பார்த்து மனம் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளி கறுப்பதற்குக் காரணம் கந்தகம். காற்றில் கொஞ்சமாக இருப்பதால் வீட்டுப் பாத்திரம் மெல்ல மெல்லக் கறுக்கிறது. அதே கந்தகத்தைக் கரைசலாக்கி அதில் முக்கினால் சில நிமிடங்களில் கறுத்துவிடும். அவித்த முட்டையோடு ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தாலே போதும், வெள்ளி நிறம் மாறிவிடும். நகைக்கடையில் ஆக்சிடைஸ்டு கொலுசு வாங்குகிறீர்களே, அது கறுப்பாக இருப்பதால் விக்டோரியா காலத்தது என்று நினைக்கிறீர்களா? பட்டறையில் போன வாரம் செய்தது என்று உங்களுக்கே தெரியும். பதக்கம் என்றதும் மட்டும் அந்தத் தெளிவு எங்கே போய்விடுகிறது? கறுப்பு, அழுக்கு, கீறல், களிம்பு இவை எல்லாமே விலைக்குச் செய்து தரக்கூடியவை. வயதுக்குச் சான்று அங்கே இல்லை.

சான்று உருவத்தில் இருக்கிறது. 1799 மே 4-ஆம் தேதி திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததன் நினைவாகக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பதக்கம் அது. வடிவமைத்தவர் க்யூக்லர், அச்சடித்தது பர்மிங்காமில் மேத்யூ போல்டன் நடத்திய சோஹோ நாணயச்சாலை. ஒரு பக்கம் சிங்கம் புலியை அடக்குகிறது, மேலே கொடியில் அரபு எழுத்து. மறுபக்கம் கோட்டையைத் தாக்கும் படை, அடியில் பாரசீக எழுத்தில் ஹிஜ்ரி 1213 என்ற ஆண்டு. அசலில் சிங்கத்தின் பிடரி மயிரை இழை இழையாகப் பார்க்கலாம். கொடியில் உள்ள அரபு எழுத்தைப் படிக்கலாம். ஆசிரியர் கொண்டுவந்ததில் பிடரி ஒரே வழவழப்பு, அரபு எழுத்து இருந்த இடத்தில் நெளிந்த ஒரு மேடு. சிங்கத்தின் வயிற்றருகே குண்டூசி முனை அளவில் குழிகள். உலோகத் தகட்டை இரு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி அடித்த பதக்கத்தில் அப்படிக் காற்றுக் குமிழிகள் விழாது. அது அசலை வைத்து அச்செடுத்து உருக்கி ஊற்றிய வார்ப்பு.

"தேய்ந்து போயிருக்கும் சார்" என்பார்கள். தேய்மானம் மேட்டைத்தான் முதலில் தொடும். கன்னம், முடி, விளிம்பு தேயும். பள்ளத்தில் எழுத்தின் அடி கூர்மையாகவே நிற்கும். மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் வார்ப்பு நகல் அசலைவிடச் சற்றுச் சிறியதாகவும் இருக்கும். சோஹோ பதக்கம் 48 மில்லிமீட்டர். வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்க ஒரு நிமிடம் ஆகுமா? கல்கத்தா நாணயச்சாலையில் வங்காளப் படைக்காக அடித்தது மட்டும் 45 மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு வந்தால் வாங்காதீர்கள்.

விற்பவர் சொல்லும் கதையையும் அளந்து பாருங்கள். "எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா மதராஸ் படையில் சிப்பாய், அவருக்குக் கிடைத்த வெள்ளி மெடல்" என்கிறார்கள். இந்தப் பதக்கம் பதவிக்குத் தக்கபடி தங்கம், தங்க முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என்று ஐந்து உலோகங்களில் அடிக்கப்பட்டது. மதராஸ் சிப்பாய்க்குக் கிடைத்தது வெள்ளீயம். இது தெரிந்திருந்தால் அந்த விளம்பரத்தை அங்கேயே மூடியிருக்கலாம்.

காந்தம் ஒட்டவில்லை என்று அனுப்பும் வீடியோவைத் தயவுசெய்து சான்றாக எடுக்காதீர்கள். பித்தளை, ஈயம், வெள்ளீயம் எதிலும் காந்தம் ஒட்டாது. அதைவிட நல்ல சோதனை வீட்டிலேயே செய்யலாம். முதலில் பதக்கத்தை எடை போடுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, பதக்கத்தை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முழுக்க அமிழும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால், நல்ல வெள்ளிக்கு 10.3-க்கும் 10.5-க்கும் இடையில் வரும். பித்தளைக்கு எட்டரையைச் சுற்றித்தான். இதில் தேறினாலும் வேலை முடியவில்லை: அசல் வெள்ளியிலும் வார்ப்பார்கள்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ போட்டு, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்ட "அணா" வைத்திருப்பவர்களுக்கு: கம்பெனி அப்படி ஒன்றை வெளியிடவே இல்லை. மதராஸில் அடித்த வராகன்களில் சுவாமி உருவம் இருந்தது உண்மை. அவை விரல்நுனி அளவுத் தங்கக் காசுகள். அந்த அரை உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் இவற்றை லட்சங்களுக்குப் பேசுகிறார்கள். காசுக்கு மாய சக்தி உண்டு, "அரிசி இழுக்கும்" என்று யாராவது சொன்னால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து வாருங்கள்.

வாங்கியே தீருவேன் என்றால், விளிம்பைச் சுற்றி எடுத்த படம், எடை, விட்டம் மூன்றையும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். அதே பதக்கத்தின் வேறு விளம்பரங்களைத் தேடுங்கள். இரண்டு பதக்கங்களில் ஒரே இடத்தில் ஒரே வெட்டுத் தழும்பு இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பச்சிலிருந்து வந்தவை. இது ஒன்றே பல போலிகளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. பில்லும், திருப்பி அனுப்பும் உரிமையும் எழுத்தில் வேண்டும். முன்பணம் கூடவே கூடாது. "வயலில் தோண்டும்போது கிடைத்தது" என்றால் விலகுங்கள்: பொய்யாக இருந்தால் பணம் போகும், உண்மையாக இருந்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவித்திருக்க வேண்டிய பொருள். நூறாண்டு கடந்த நாணயமும் பதக்கமும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ரிசர்வ் வங்கி பெயரில் "கமிஷன்" கேட்பவர்களும் உண்டு. பழைய நாணய வியாபாரத்தில் தனக்குத் தொடர்பே இல்லை என்று அந்த வங்கியே 2021-இல் அறிவித்துவிட்டது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு அரட்டைப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். அவற்றை வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள்; தாமதமாகத் தாமதமாகப் பணம் கைமாறிக்கொண்டே போகும். ஒரு வேண்டுகோள்: போலி என்று தெரிந்த பிறகு, போட்ட பணத்தையாவது எடுக்கலாம் என்று அதை இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். ஆசிரியரிடம் வந்ததும் அப்படி ஒருவர் கைமாற்றிவிட்டதுதான்.